அனகாவின் குரல் துண்டுகள்

எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் வைப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டமான வேலை, சார். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு நட்சத்திரம், மாமனார், குலதெய்வம் என்று ஆயிரம் தொல்லை உண்டு. எழுத்துக்கு மட்டும் வரம்பு கிடையாது. எங்கள் ஒலிப்பதிவுப் பெட்டியில் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தில் எட்டே எட்டு. குமிழைத் திருப்பினால் சின்னத் திரையில் ஏ வரும், பி வரும், சி வரும். வேண்டிய எழுத்தில் நிறுத்திப் பொத்தானை அமுக்க வேண்டும். கை தவறித் தாண்டிவிட்டால் மறுபடி திருப்பிக்கொண்டு வர வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பெயரே வைப்பதில்லை. உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. மேஜையில் இந்தக் கேசட்டை வைத்துவிட்டு, "இது அந்தப் புள்ளையோட கொரலா இல்லியா, ஒத்தை வார்த்தைல சொல்லு தம்பி" என்றீர்கள். வெளியே பெஞ்சில் வெங்கடசுப்ரமணியன் மாமா உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகள் அனகா டிசம்பரில் காணாமல் போனாள். போன சில நாளில் இந்தக் கேசட் தபாலில் வந்தது. இதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் உங்களிடம் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இதுதான். அதனால் ஒற்றை வார்த்தையில் சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் தப்பான பதிலாகிவிடும்.

நீங்கள் தமிழ் புழங்குகிற கொள்ளேகால் பக்கம் என்று கேள்விப்பட்டேன். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். என் கன்னடம் இதைவிட நன்றாக இருக்கும். ஆனால் கன்னடத்தில் நான் எதைச் சொன்னாலும் கிண்டலாக வந்துவிடுகிறது, கல்லூரிப் பழக்கம். எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையை நான்தான் நடத்துகிறேன். குருபிரசாத், பி.எஸ்சி. கடைசி வருடம். எங்கள் முதல்வர் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததை நேரில் கண்ட சாட்சிகளைத் தேடி ஒரு அறிவிப்பு வந்ததே, அது என்னுடையது. நூலகரே சிரித்தார்.

மத்தியானங்களில் இங்கே மைசூர் மண்டி மொஹல்லாவில் சித்தையன் அண்ணனிடம் வேலை. மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் அவருடைய ஒலிப்பதிவு அறை. மூட்டை இறங்குகிற நாட்களில் பாடகர்கள் இருமுவார்கள், கண்ணீர் விடுவார்கள். பக்திப் பாடல்களில் அது உருக்கமாகப் பதிவாகும். போன வருடம் பெங்களூரில் யாரோ கைமாற்றிய எட்டுத் தடப் பெட்டி ஒன்றை அண்ணன் வாங்கினார். எட்டுக் குரலை எட்டுத் தடத்தில் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். டேப் கிடையாது, கம்ப்யூட்டரில் இருப்பது போல உள்ளே ஒரு தட்டு. வெட்டலாம், ஒட்டலாம், இடம் மாற்றலாம், பழையபடி ஆக்கலாம். கூடவே வந்த தடிப் புத்தகத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

பெட்டியைப் பற்றி இரண்டு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முழுத் தரத்தில் பதிவு செய்தால் தட்டு சீக்கிரம் நிறைந்துவிடும். ஒலியைச் சுருக்கிப் பதிவு செய்தால் பல மணி நேரம் பிடிக்கும். அண்ணன் எப்போதும் கடைசித் தரத்தில்தான் வைப்பார். "ஹாரன் ஸ்பீக்கர்ல கேக்கறவனுக்கு என்ன தம்பி தெரியப்போவுது" என்பார். அந்தத் தரத்தில் எல்லாக் குரலும் கொஞ்சம் தேய்ந்து, எப்போது பேசினாலும் ஒரே நாளில் பேசியது போலக் கேட்கும். இன்னொன்று, பெட்டி சேமிக்கிற முறை அதற்கே உரியது. வேறு கம்பெனிப் பெட்டியிலோ கம்ப்யூட்டரிலோ அது திறக்காது. அதே ஜாதிப் பெட்டி வேண்டும். மைசூரில் வேறு எங்கும் கிடையாது.

நாம் பெயர் வைக்காவிட்டால் பெட்டியே வைத்துக்கொள்ளும். SONG 001, SONG 002 என்று போய்க்கொண்டே இருக்கும். அண்ணனுடைய வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் கிடந்தது. "அந்த மூக்கடைச்ச அம்மா பாடுனது எதுல தம்பி இருக்குது?" என்பார். நான் சொல்லுவேன். அந்த அறையில் எனக்கு மரியாதை வந்தது அப்படித்தான்.

தசரா பொருட்காட்சியில் தொலைந்துபோனவர்களுக்கான அறிவிப்புகளைச் செய்யும் காண்டிராக்ட் அண்ணனுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், வந்தவுடன் குழந்தையைத் தொலைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஆளை வைத்துப் பேசவைப்பதற்குப் பதில், வயது, சட்டை நிறம், வாசல், மணி என்று வார்த்தைகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் வேண்டியபடி கோத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது நான். தமிழுக்கு அனகாவைக் கூட்டி வந்ததும் நான்.

அனகா என் வகுப்பு. வீடு விஜயநகரில். மாமா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு வானொலி அறிவிப்பாளர் ஆக வேண்டும் என்று ஆசை. முதல் குரல் தேர்வில் தேறியிருந்தாள். அந்தக் குரலில் அதட்டல் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. கேட்டவர்கள் சொன்னபடி செய்துவிடுவார்கள். எங்கள் கேண்டீன்காரர் அவளுக்கு மட்டும் சூடாக டீ கொடுப்பார்.

முதல் நாளே திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன குரு இது, சாங் ஒண்ணு, சாங் ரெண்டுன்னு. ஒரு குழந்தை தொலைஞ்சு அழுதுண்டு நிக்கறப்போ நீ இதையெல்லாம் ஒண்ணொண்ணாப் போட்டுப் பார்ப்பியா? பேர் வை."

"எட்டெழுத்துதான் பிடிக்கும்."

"எட்டு தாராளம்டா. எம் பேருக்கு ஆறே போறும்."

அவளே உட்கார்ந்து குமிழைத் திருப்பினாள். சிவப்புச் சட்டை SIVPUSAT ஆயிற்று. மூன்றாம் வாசல் MOONVASL. ஏழு மணி YEZHUMNI. நானூறு துண்டுக்கு மேல், ஒன்று விடாமல். நான் சோம்பேறி, சார். அதை மறைக்கவில்லை. பிறகு நடந்தது எதுவும் அவள் இவ்வளவு ஒழுங்காகப் பெயர் வைத்திருக்காவிட்டால் நடந்திருக்காது. வேறு யாருடைய குரலையாவது எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மற்றவர்கள் குரலில் எது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அவள் பெயர் வைக்கும்போது மைக் திறந்தே இருக்கும். கீழே கடையில் போண்டா வாங்கி வருவேன். குரல் கெட்டுவிடும் என்று வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் நிறுத்தியிருந்தார்கள். "அப்பாட்ட சொல்லிடாதே, ப்ளீஸ். அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்" என்பாள். அறையில் எலி உண்டு. நான் படி இறங்கினால் மேலேயிருந்து, "சீக்கிரம் வா, நான் தனியா இருக்கேன்" என்பாள். எல்லாம் பதிவாகும். "அந்தக் குப்பையெல்லாம் அழிச்சுடு" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போவாள். நான் அழிக்கவில்லை. KUPPAI01, KUPPAI02 என்று பெயர் வைத்தேன். பெயர் வைக்கும் பழக்கத்தை அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

தசராவில் பெட்டியை மைதானத்துக்கே கொண்டுபோனோம். நான் கோத்தேன், அவள் குரல் அழைத்தது, பிள்ளைகள் கிடைத்தார்கள். திருச்செங்கோட்டு அம்மா ஒருத்தி அறிவிப்புக் கொட்டகைக்கு வந்து, பேசிய பெண்ணைப் பார்த்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். பெட்டியைக் காட்டினேன். அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தசரா முடிந்து பொழுது போகாத ஒரு வாரத்தில் ஒரு ஜோக் செய்தேன். எங்கள் பொருளாதார விரிவுரையாளர் ஒருவரை அனகாவின் குரலில் தொலைத்தேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கண்ணாடி அணிந்த, நீல நிறச் சட்டை அணிந்த நபருக்காக அவருடைய தாயார் மூன்றாம் வாசலில் காத்திருக்கிறார். அனகாவிடமே போட்டுக் காட்டினேன். சிரித்தாள். ரொம்பச் சிரிக்கவில்லை.

"ஜோக் நன்னாருக்கு. ஆனா ஒட்டு தெரியறது, குரு. மூச்சு எடுக்கற எடத்துல மூச்சே இல்லை பாரு. மனுஷி அப்படியா பேசுவா?"

நியாயமான விமர்சனம். நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன் என்று, என்னோடு சுவர்ப் பத்திரிகை ஒட்டுகிற மேகனா உங்களிடம் சொல்லியிருப்பாள். அப்படி இல்லை, சார். வேலையைத் திருத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அடுத்த மூன்று வாரம் அவள் மூச்சுகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்தேன். நீண்ட மூச்சு, சின்ன மூச்சு, சிரிப்பதற்கு முன் இழுக்கிற மூச்சு. MOOCHU01 முதல் வரிசையாக. பிறகு அறிவிப்பு வார்த்தைகளைக் குறைத்து, குப்பையைக் கூட்டி, இரண்டாவது ஒன்று செய்தேன். அதில் அவள் யாரிடமோ பேசுகிறாள். மூன்றாம் வாசல். ஏழு மணி. சீக்கிரம் வா, நான் தனியா இருக்கேன். அப்பாட்ட சொல்லிடாதே. முதல் ஜோக்கிலிருந்து அந்த விரிவுரையாளரின் அடையாளங்களையும் கொஞ்சம் தூவியிருந்தேன். இல்லாவிட்டால் அது ஜோக் என்று எப்படித் தெரியும்?

அதை மேகனாவிடம் போட்டுக் காட்டினேன். சிரிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் மெதுவாக, "அனகாவா? அந்த சாரோடயா?" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று வாரம் உழைத்த ஒருவனுக்கு முதல் ரசிகை கொடுத்த பாராட்டு அது. அதைப் பிடுங்கிக்கொள்ள மனசு வரவில்லை. கேசட்டில் போட்டுத் தரச் சொன்னாள், கொடுத்தேன். அடுத்த வாரம் விடுதியில் அதன் பிரதிக்குப் பிரதி ஓடிக்கொண்டிருந்தது. பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். இரைச்சல் கூடக் கூட உண்மை போல இருக்கும். அது என் கையில் இல்லை.

கல்லூரியில் விசாரணைக் குழு வைத்தார்கள். விரிவுரையாளரை நீண்ட விடுப்பில் அனுப்பினார்கள். அனகாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். மாமா குரல் தேர்வின் இரண்டாம் சுற்றுக்கு அவளை அனுப்பவில்லை.

அவள் அறைக்கு வந்தாள். அழவில்லை. கேசட்டில் எந்த வார்த்தை எந்த அறிவிப்பில் இருந்து வந்தது என்று வரிசையாகச் சொன்னாள். "ஏழு மணி, ஜலதோஷத்தோட சொன்னது. மறுநாள் திருப்பிச் சொன்னோமே, அதை நீ எடுக்கலை." எனக்கே அது மறந்திருந்தது. அவ்வளவு கூர்மையான காது.

"நீதான்னு நேக்குத் தெரியும்" என்றாள். "யார்ட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நீ ஜோக்குக்குப் பண்ணினேன்னு தெரியும். நம்ம துண்டையெல்லாம் மட்டும் கமிட்டிக்குப் போட்டுக் காட்டு, குரு. வெட்டினது யார்னு கேட்டா யாரோ வெளியாள்னு சொல்லிக்கறேன். அப்பா என்னோட பேசறதில்லை. ஒரு நாள் அவருக்கும் போட்டுக் காட்டிடு. போறும்."

சரி என்றேன். நான் முடியாது என்று சொன்னதே இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். துண்டுகளைக் காட்டினால், வெட்டியது யார் என்று கேட்பார்கள். அந்தப் பெட்டியை இயக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அனகா சொல்லமாட்டாள், அவள் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. எனக்குக் கடைசி வருடப் பரீட்சை. எங்கள் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. எதையாவது அழித்துவிட்டால் அது குற்றம். நான் ஒரு துண்டைக்கூட அழிக்கவில்லை. பெயர்களை மட்டும் எடுத்தேன். SIVPUSAT, MOONVASL, YEZHUMNI எல்லாம் பழையபடி SONG ஆயின. பெயர் வைக்க அவளுக்கு ஆனதைவிட எடுக்க எனக்கு அதிக நேரம் ஆயிற்று, விரல் வீங்கிவிட்டது. வரிசையையும் கொஞ்சம் கலைத்தேன்.

குழுவில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். மாமாவும் வந்தார். நாற்காலி போதாமல் சித்தையன் அண்ணன் கீழேயிருந்து மிளகாய் மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். அனகா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விளக்கினாள். தெளிவாகச் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பெயர் இருக்கிறது, கேசட்டில் வரும் ஒவ்வொன்றையும் அந்தப் பெயரில் எடுத்துக் காட்டலாம் என்றாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்தக் குரலுக்கு யாரும் தலையாட்டுவார்கள்.

பிறகு என்னைப் பார்த்து, "ஏழு மணி எடு குரு" என்றாள்.

திரையைக் காட்டினேன். பெயர்கள் இல்லை. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டி சில நேரம் இப்படிச் செய்யும் என்றேன். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், கிடைத்துவிடும் என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

SONG 001-ஐ அழுத்தினேன்.

"அப்பாட்ட சொல்லிடாதே, ப்ளீஸ். அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

வெட்டாதது, ஒட்டாதது. அவளே அந்த அறையில் சொன்னது. மாமா மூட்டையிலிருந்து எழுந்துகொண்டார்.

"அது போண்டா சார்" என்றாள் அனகா. "போண்டா தின்னதைச் சொல்லாதேன்னு சொன்னேன்."

"போண்டாவா அம்மா?" என்றார் குழுத் தலைவர். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

SONG 002 தானாக ஓடியது. "சீக்கிரம் வா, நான் தனியா இருக்கேன்." தலைவர் கன்னடத்தில், போதும் விடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அனகா ஏதோ சொல்லத் தொடங்கினாள். மிளகாய் நெடியில் இருமல் வந்து பேச முடியவில்லை. நான் ஹெட்போன் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டும் முதலில் வந்தது தற்செயலா என்று கேட்டீர்கள். தற்செயல் இல்லை. அவற்றுக்கு அந்த எண்களை நான்தான் கொடுத்தேன். எந்த வரிசையாக இருந்தாலும் ஒன்று முதலில் வரத்தானே வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். கோபம் இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஒலிப்பதிவு நிலையத்தில் அதே ஜாதிப் பெட்டி இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். "எல்லாத்தையும் தட்டுல போட்டுக் குடு. அவா பொறுமையா உக்காந்து பிரிச்சு, எது எதுலேர்ந்து வெட்டினதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்னுட்டா. நீ வரவே வேண்டாம்." பெட்டியில் செருகி எடுக்கிற, உள்ளங்கை அளவு நீலத் தட்டு ஒன்றில் ஏற்றிக் கொடுத்தேன். மேலே எதுவும் எழுதவில்லை. உள்ளே இருந்தது மாதேஸ்வரன் மலைக்கு யாரோ பாடிய பக்திப் பாட்டு. அவள் தட்டு கேட்டாள், தட்டு கொடுத்தேன்.

"தேங்க்ஸ் குரு" என்றாள்.

மறுநாள் வீட்டில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள் திரும்பவில்லை. அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று தெரிந்தவன் நான் ஒருவன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. மாமா ஓடிப்போய்விட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார், யாரோடு என்று நீங்கள் விசாரித்தீர்கள், விரிவுரையாளர் வீட்டில் போய்த் தேடினீர்கள். பாவம், அவர் மனைவிக்குச் சமையல் செய்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு மாமா தினமும் மாடியேறி வர ஆரம்பித்தார். எனக்குத் தாங்க முடியாமல் போனது இதுதான், சார். மூட்டை கிடந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"குரு, அவ கொரல் இருக்கோல்லியோ. எதையாவது போடேன்பா."

"அறிவிப்புதான் மாமா இருக்கு."

"அதையே போடு."

போடுவேன். ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுவன். பச்சை நிறச் சட்டை. தன் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "நான் அவளோட ஒரு மாசமாப் பேசலைடா" என்பார். ஒருநாள் படியில் இறங்கத் தெரியாமல் பாதியில் நின்றுவிட்டார். நானும் மனுஷன்தானே. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

உங்கள் மேஜையில் இருப்பது அது. ஒரு மத்தியானத்தில் செய்தேன், கை பழகிவிட்டது. அப்பா. உங்கள் குழந்தை பத்திரமாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். தேட வேண்டாம். அவ்வளவுதான். இடையில் நான்கு மூச்சு. பெங்களூர் போகிற கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொன்னேன். அது வந்த அன்று மாமா கேசட்டையும் டேப் ரிக்கார்டரையும் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் முதலில் ஓடி வந்தார். "கேளு, குழந்தைன்னு சொல்லிக்கறா பாரு. இன்னும் குழந்தையாத்தான் இருக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் என்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கமாட்டீர்கள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்து, மகள் சொல்லிவிட்டாள், தேட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். தமிழ்நாட்டு ஸ்டேஷன்களுக்கு அனுப்ப நீங்கள் எழுதி வைத்திருந்த செய்தி அனுப்பப்படாமல் நின்றது அப்போதுதான் என்று இன்று காலை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் போகிற மலைப்பாதை வளைவில் அவள் ஏறிய வேன் கவிழ்ந்ததும் எனக்குத் தெரியாது. தலையில் அடிபட்டு, நினைவு வராமல், மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் அவள் படுத்திருந்ததும் தெரியாது. அடையாள அட்டை இல்லை. கைப்பையில் பெயர் எழுதாத ஒரு தட்டு. படுக்கை எண்தான் அவளுக்குப் பெயராக இருந்தது என்றீர்கள். இந்தக் கேசட் மாமாவின் கைக்கு வந்த நாளில் அவள் உயிரோடுதான் இருந்தாள், அதற்குப் பிறகும் சில வாரம் இருந்தாள், நடுவில் ஒரு நாள் கண்ணைத் திறந்து யாரையோ தேடினாள் என்று நர்ஸ் சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படியானால் உங்கள் குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று கேசட்டில் வருவதைப் பாதிப் பொய் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடையாளம் தெரியாத பெண் என்று அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, போட்டோவை இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள். தட்டைப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தீர்கள். இப்போது மாமா அந்தப் போட்டோவைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவளுக்குப் பெயர் திரும்பக் கிடைக்கும், மகளுக்குச் செய்ய வேண்டியதை அவர் செய்ய முடியும். அவர் பார்க்கவே மறுக்கிறார். மகள் பேசியிருக்கும்போது யாருடைய போட்டோவையோ நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்கிறார்.

இன்று காலை உங்கள் எதிரிலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டைச் செய்தது நான்தான் மாமா என்றேன். அவர் என் தலையைத் தடவினார்.

"போலீஸ்காரா உன்னை அடிச்சாளாப்பா? ஏன் இப்படியெல்லாம் சொல்றே? எம் பொண்ணு கொரல் நேக்குத் தெரியாதா?"

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். துண்டுகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அப்பா என்றது இங்கே, கவலைப்பட வேண்டாம் என்றது இங்கே, மூச்சு இங்கே. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலர்ந்தது. "ஆமா, இதுவும் அவதான். இதுவும் அவதான். இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் உண்மையைச் சொல்லி ஒருவர் நம்பாமல் போனது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கையைக் கட்டிப்போட்டது போல இருக்கிறது, சார். அந்த நிலைமை எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

அதனால் எனக்கு ஒரு யோசனை. என்னை உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மத்தியானம் பெட்டியோடு விடுங்கள். அவர் நம்புகிற ஆள் ஒருத்திதான். தேவையானது எல்லாம் அவள் பதிவு செய்து வைத்திருக்கிறாள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். இருபது வயது மதிக்கத்தக்க பெண். மஞ்சள் நிற உடை. உரியவர்கள் நேரில் வந்து அடையாளம் காட்டவும். முன்னால் அப்பா என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். அவர் உடனே போட்டோவைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். நம் இருவர் வேலையும் முடியும். அவளுக்காக நான் இதையாவது செய்ய வேண்டாமா?

இந்த முறை அவள் சொல்லப்போவது முழுக்க முழுக்க உண்மை. அதனால் இதை யாரும் மோசடியில் சேர்க்க முடியாது.